ஒரு கோப்புக்குள் யாருடைய வரிகள்? நிரல்மொழியும் நூலகமும் உரிமமும்

சி மொழியில், திரையில் ஒரே ஒரு வாக்கியத்தைக் காட்டும் நிரலை எழுத ஐந்து வரிகள் போதும். அதையே, வேறெந்தக் கோப்பின் துணையும் தேவைப்படாத தனிக் கோப்பாக, லினக்ஸில் வழக்கமாக உள்ள ஜிலிப்சி நூலகத்தோடு (பலரும் பயன்படுத்த முன்பே எழுதி வைத்த செயற்கூறுகளின் தொகுப்பு) சேர்த்துக் கம்பைல் செய்து, அதாவது கணினி நேரடியாக ஓட்டும் வடிவத்துக்கு மாற்றிப் பார்த்தால், அந்தக் கோப்பு பல நூறு கிலோபைட் அளவில் வந்து நிற்கும். நாம் எழுதியது அதில் ஒரு மூலையில் கிடக்கும்; மற்றதெல்லாம் வேறு பலர் பல ஆண்டுகளாக எழுதியது. காரணம் எளியது. 1989-இல் தரப்படுத்தப்பட்ட சி மொழியின் 32 குறிச்சொற்களில் ‘அச்சிடு’ என்று பொருள்படும் சொல் ஒன்றுகூட இல்லை. அச்சிடுவது, கோப்பைத் திறப்பது, நினைவகத்தில் இடம் கேட்பது ஆகிய எல்லாமே இலக்கணத்துக்கு வெளியே, தரநிலை நூலகத்தில் இருக்கின்றன. நாம் ‘பிரிண்ட்எஃப்’ என்று எழுதிய அந்த நொடியில் மொழியை விட்டு நூலகத்துக்குள் காலெடுத்து வைத்துவிடுகிறோம்.

எனவே, ‘இந்த மொழியில் எழுதிய நிரலை நான் விரும்பியபடி விற்கலாமா, மூலநிரலை, அதாவது நாம் எழுதிய வடிவத்தை, மூடி வைத்துக்கொள்ளலாமா’ என்ற கேள்விக்கு ஒற்றைச் சொல்லில் விடை கிடையாது. ‘பைத்தானின் லைசென்ஸ்’, ‘ஜாவாவின் லைசென்ஸ்’ என்று பேச்சில் நாம் ஒன்றாகச் சொல்லிவிடுவதற்குள் மூன்று தனித்தனிப் பொருள்கள் அடங்கியிருக்கின்றன: இலக்கணமாகிய மொழி, அந்த மொழியைப் புரிந்துகொள்ளும் கம்பைலர் அல்லது இன்டர்பிரட்டர் (நிரலைத் தனிக் கோப்பாக மாற்றாமல் படித்தபடியே ஓட்டும் கருவி), நம் நிரலோடு சேர்ந்து ஓடும் நூலகங்கள். முதலாவதற்குப் பெரும்பாலும் உரிமம் என்ற பேச்சே எழுவதில்லை. இரண்டாவதன் உரிமம், பெரும்பாலும் அந்தக் கருவியையே பிறருக்கு வழங்குபவர்களைத்தான் தொடும். மூன்றாவதுதான் நம் கோப்புக்குள் வந்து குடியேறுகிறது. நடைமுறையில் ஒரு மொழியின் உரிமம் என்று சொல்லத்தக்கது அதன் நூலகங்களின் உரிமமே என்பது என் கருத்து. அந்த உரிமத்தின் வாசகம் என்ன பொருள் தரும் என்பதை, அந்த மொழி துண்டு நிரல்களை எப்படி ஒன்றோடொன்று ஒட்டுகிறது என்பதைப் பார்த்துத்தான் சொல்ல முடியும்.

மொழியிலிருந்தே தொடங்குவோம். பதிப்புரிமை ஒரு கருத்தைக் காப்பதில்லை, அந்தக் கருத்து எழுத்தில் வெளிப்பட்ட வடிவத்தையே காக்கிறது. ஐரோப்பிய ஒன்றியத்தின் நீதிமன்றம் இதை நிரல்மொழிக்குப் பொருத்திச் சொன்ன தீர்ப்பு 2012 மே 2-ஆம் தேதி வந்தது. எஸ்ஏஎஸ் நிறுவனத்தின் புள்ளியியல் மென்பொருளுக்கென்று எழுதப்பட்ட நிரல்களை அப்படியே ஓட்டக்கூடிய வேறொரு மென்பொருளை வேர்ல்ட் புரோகிராமிங் என்ற நிறுவனம் எழுதியது. மூலநிரலைப் பார்க்காமல், மென்பொருள் எப்படி நடந்துகொள்கிறது என்பதைப் பார்த்தே எழுதியது. ஒரு நிரலின் செயல்பாடோ, அதற்குரிய நிரல்மொழியோ, அதன் தரவுக் கோப்பின் வடிவமோ அந்த நிரலின் பதிப்புரிமைக்குள் வராது என்று நீதிமன்றம் கூறியது. ஒரு மொழி, படைப்பாளரின் சொந்த அறிவுப் படைப்பாக வேறு வகையில் பாதுகாப்புப் பெறக்கூடும் என்ற சன்னல் ஒன்றையும் அது திறந்தே வைத்தது என்பதைச் சொல்லியாக வேண்டும். ஆனாலும், ஒரு மொழிக்கு இன்னொருவர் புதிதாகக் கம்பைலர் எழுதுவது திருட்டாகாது என்ற பொது எண்ணத்துக்கு இத்தீர்ப்பு பலம் சேர்த்தது. மொழியின் பெயர் வேறு விஷயம். அது வணிகக் குறிச் சட்டத்தின் கீழ் வரும். ஜாவா என்ற பெயரை முன்வைத்து 1997-இல் அம்மொழியை உருவாக்கிய சன் நிறுவனம் மைக்ரோசாஃப்ட் மீது தொடுத்த வழக்கு, 2001-இல் 2 கோடி டாலரில் சமரசமாக முடிந்தது.

அடுத்தது கம்பைலர். கடுமையான உரிமம் கொண்ட கம்பைலரால் கம்பைல் செய்தால் நம் நிரலுக்கும் அதே உரிமம் ஒட்டிக்கொள்ளுமா என்ற ஐயம் புதிதாக வருபவர்கள் பலருக்கும் எழுவதுண்டு. பொதுவாக ஒட்டாது, ஒரு கருவியைக் கொண்டு செய்த பொருள் கருவியைச் செய்தவருக்குச் சொந்தமாவதில்லை. ஆனால் கருவி தன்னிலிருந்தே ஒரு துண்டைப் பிய்த்து நம் பொருளுக்குள் வைத்துவிட்டால்? யாரும் பார்க்கவும் மாற்றவும் பகிரவும் உரிமை தரும் கட்டற்ற மென்பொருள்களை எழுதும் குனு திட்டத்தின் பைசன் என்ற கருவியில் இதுதான் நடந்தது. ஒரு மொழியின் இலக்கண விதிகளைக் கொடுத்தால், அம்மொழியில் எழுதப்பட்டதைப் பகுத்துணரும் சி நிரலை பைசன் எழுதித் தரும். அப்படி எழுதித் தரும்போது, எல்லா இலக்கணங்களுக்கும் பொதுவான ஒரு சட்டகத்தை, அதாவது பைசனை எழுதியவர்களே கையால் எழுதிய சில நூறு வரிகளை, வெளியீட்டுக் கோப்பில் அப்படியே நகலெடுத்து வைக்கும். அந்த வரிகள், பிறருக்குக் கொடுத்தால் மூலநிரலோடு அதே உரிமத்தில் கொடுக்கக் கோரும் ஜிபிஎல் உரிமத்தில் இருந்தன. ஆகவே 1.24-ஆம் பதிப்புக்கு முன்பு வரை, பைசன் எழுதித் தந்த பகுப்பியைக் கட்டற்ற மென்பொருளில் மட்டுமே பயன்படுத்த முடிந்தது. பின்னர் அந்தச் சட்டகத்துக்கு மட்டும் விதிவிலக்கு எழுதிச் சேர்த்தார்கள், அதுவும் முதலில் சி மொழியில் ஒரு வகைப் பகுப்பிக்கு மட்டும் பொருந்தியது, 2.2-ஆம் பதிப்பில்தான் எல்லா வகைக்கும் பொருந்துவதாயிற்று. பைசன் வெறும் கருவியாக மட்டும் இருந்திருந்தால் இந்தச் சிக்கலே வந்திருக்காது. அது பாதிக் கருவி, பாதி நூலகம்.

கம்பைலர்களிலும் இந்தப் பாதி நூலகம் ஒளிந்திருக்கிறது. 32 பிட் செயலி ஒன்றில் 64 பிட் எண்ணை இன்னொன்றால் வகுக்கும்படி சி நிரலில் எழுதினால், பல செயலிகளில் அதைச் செய்யத் தனிக் கட்டளை கிடையாது. ஜிசிசி கம்பைலர் அந்த இடத்தில் தன்னுடைய லிப்ஜிசிசி என்ற சிறு நூலகத்தில் உள்ள வகுத்தல் செயற்கூறை அழைக்கும்படி எழுதிவிடும். நாம் எந்த நூலகத்தையும் கேட்கவில்லை. வகுத்தல் குறி ஒன்றை மட்டுமே போட்டோம். ஆனாலும் ஜிசிசியை எழுதியவர்களின் வரிகள் நம் கோப்புக்குள் வந்துவிட்டன. இதற்கெனவே ஜிசிசியின் இயக்கநேர நூலகங்களுக்கு, அதாவது நிரல் ஓடும்போது தேவைப்படும் நூலகங்களுக்கு, ஒரு விதிவிலக்கு உண்டு. அதன் இப்போதைய வடிவம் 2009 மார்ச் 31-ஆம் தேதியிட்டது. நம் நிரலை ஜிசிசி வழியாக முறையாகக் கம்பைல் செய்திருந்தால், விளைந்த கோப்பை எந்த உரிமத்திலும் வெளியிடலாம் என்று அது அனுமதிக்கிறது.

‘முறையாக’ என்ற சொல்லை நான் போகிறபோக்கில் எழுதவில்லை. ஜிசிசிக்குள் வெளியார் எழுதிய செருகுநிரல்கள் நுழைய வழிசெய்வதற்கு முன், ஒரு பயம் நீண்ட காலம் இருந்தது: ஜிசிசியின் முன்பாதியை மட்டும் பயன்படுத்திக்கொண்டு, அதன் இடைநிலை வடிவத்தை வெளியே எடுத்து, மூடிய ஒரு மேம்படுத்தியில் கொடுத்துத் திரும்ப வாங்கி முடிக்கும் வேலையை யாராவது செய்துவிட்டால்? 2009-இன் விதிவிலக்கு அதற்கு ஒரு பூட்டுப் போட்டது. இடையில் கட்டற்றதல்லாத கருவி நுழைந்தால், லிப்ஜிசிசிக்கான விதிவிலக்கு உங்களுக்குக் கிடையாது. அதாவது, ஒரு கம்பைலரின் கட்டமைப்பைக் காப்பதற்கு ஒரு நூலகத்தின் உரிமம் காவலாக நிறுத்தப்பட்டது. அடுத்த ஆண்டு வெளியான 4.5-ஆம் பதிப்பில் செருகுநிரல் வசதி வந்தது. போட்டியாளரான எல்எல்விஎம் திட்டமும் 2019-இல், மூலநிரலைத் திறக்கக் கட்டாயப்படுத்தாத அப்பாச்சி 2.0 உரிமத்துக்கு மாறியபோது, கம்பைல் செய்ததன் விளைவாக நம் கோப்பில் கலக்கும் அதன் வரிகளுக்கு அறிவிப்பு வைக்க வேண்டியதில்லை என்று ஒரு விதிவிலக்கைச் சேர்த்துக்கொண்டது.

இனி நூலகம். ஜிபிஎல் உரிமத்தின் சாரம், இந்த நிரலையோ இதிலிருந்து விளைந்த வழிப்படைப்பையோ பிறருக்குக் கொடுத்தால் மூலநிரலோடு, இதே உரிமத்தில் கொடுக்க வேண்டும் என்பது. முழுமையான ஒரு செயலிக்கு இது தெளிவாகப் பொருந்துகிறது. நூலகமோ தனியாக ஓடுவதில்லை. பிறரது நிரலோடு சேர்ந்தே ஓடுகிறது. அப்படியானால் அந்தப் பிறரது நிரலும் வழிப்படைப்பா? ஆம் என்பதே கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளையின் நிலைப்பாடு. இந்தக் கடுமையை நூலகங்களுக்குத் தளர்த்தவே 1991-இல் எல்ஜிபிஎல் வந்தது. நூலகத்தை மாற்றிப் பிறருக்குக் கொடுத்தால் மாற்றங்களையும் கொடுக்க வேண்டும்; ஆனால் நூலகத்தைப் பயன்படுத்தும் நிரல் மூடியதாகவே இருக்கலாம். ஒரு நிபந்தனை மட்டும்: நூலகத்தின் திருத்திய பதிப்பைப் பயனர் தாமே பொருத்தி, அந்த நிரலை ஓட்டிப் பார்க்க வழி இருக்க வேண்டும். தனி நூலகக் கோப்பாக வைத்து இயங்கும் நேரத்தில் இணைத்தால் இது தானாகவே நிறைவேறிவிடும்; ஒரே கோப்பாக லிங்க் செய்திருந்தால் (கம்பைல் ஆன துண்டுகளை ஒட்டியிருந்தால்), மீண்டும் லிங்க் செய்து பார்க்கத் தேவையான ஆப்ஜெக்ட் கோப்புகளை, அதாவது இன்னும் ஒட்டப்படாத அந்தத் துண்டுகளை, தர வேண்டும். தொடக்கத்தில் ‘நூலகப் பொது உரிமம்’ என்று இருந்த பெயர், 1999-இல் 2.1-ஆம் பதிப்பில் ‘சிறிய பொது உரிமம்’ என்று மாற்றப்பட்டது. நூலகம் என்றாலே இதுதான் என்று எல்லோரும் எடுத்துக்கொள்வதை, ஜிபிஎல்லை எழுதிய ரிச்சர்ட் ஸ்டால்மன் விரும்பவில்லை.

அவர் விரும்பாததற்குக் கையில் ஒரு முன்னுதாரணம் இருந்தது. கட்டளை வரியில் பின்னோக்கிச் சென்று திருத்துவது, முன்பு அடித்த கட்டளையை மேலம்புக்குறியால் வரவழைப்பது போன்ற வசதிகளைத் தரும் ரீட்லைன் என்ற நூலகம் வேண்டுமென்றே முழு ஜிபிஎல்லில் வெளியிடப்பட்டது. சிலிஸ்ப் என்ற லிஸ்ப் மொழிச் செயலாக்கம் அதைப் பயன்படுத்திக்கொண்டது. ஆனால் ஜிபிஎல்லில் வெளியாகவில்லை. 1992-இல் இதையொட்டி ஸ்டால்மனுக்கும் சிலிஸ்பின் ஆசிரியர் புரூனோ ஹைபிளுக்கும் கடிதப் போக்குவரத்து நடந்தது. முடிவில் சிலிஸ்ப் ஜிபிஎல்லுக்கு மாறியது. ஒரு முழு மொழிச் செயலாக்கத்தின் உரிமத்தை, அம்புக்குறி விசைக்கு வேலை கொடுக்கும் ஒரு துணை நூலகம் மாற்றிவிட்டது. இதன் மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும். ரீட்லைனின் உரிமத்தை ஏற்க விரும்பாதவர்களுக்காக, ஏறக்குறைய அதே வேலையைச் செய்யும் லிப்எடிட் என்ற நூலகம், மூடிய நிரலிலும் பயன்படுத்த விடும் பிஎஸ்டி உரிமத்தில் உள்ளது. பல திட்டங்கள் அதைத்தான் பயன்படுத்துகின்றன.

இங்கே அடிப்படையான ஒரு பொருத்தமின்மை இருக்கிறது. ‘லிங்க் செய்வது’ என்பது சி மொழிக் காலத்துக் கருவி ஒன்றின் வேலை. பதிப்புரிமைச் சட்டத்துக்கு லிங்கர் என்றால் என்னவென்றே தெரியாது; அதற்குத் தெரிந்தது நகலும் வழிப்படைப்பும்தான். ஒரு நூலகத்தை இயங்கும் நேரத்தில் இணைப்பது வழிப்படைப்பை உருவாக்குகிறதா என்ற கேள்விக்கு எங்கும் பொருந்தக்கூடிய தீர்ப்பு எதுவும் இல்லை. உரிமம் எழுதியவர்களின் விளக்கமும், அதை மதித்து நடக்கும் வழக்கமும்தான் இருக்கின்றன. அதனால், லிங்கர் இல்லாத மொழியில், அல்லது லிங்கருக்கு முன்பே நூலகம் கரைந்துவிடும் மொழியில், உரிமத்தின் வாசகம் தரையில் கால்பாவாமல் தொங்குகிறது.

சி++ மொழியின் டெம்பிளேட்டுகள், அதாவது தரவு வகையை வெற்றிடமாக விட்டு எழுதும் நிரல் அச்சுகள், இதற்கு முதல் எடுத்துக்காட்டு. டெம்பிளேட்டாக எழுதப்பட்ட நூலகத்துக்குத் தனியாகக் கம்பைல் செய்யப்பட்ட கோப்பு என்று ஒன்று இருக்க வேண்டியதில்லை. அது முழுவதும் தலைப்புக் கோப்பில் (பயன்படுத்தும் நிரலின் தொடக்கத்தில் சேர்க்கப்படும் கோப்பு) மூலநிரலாகவே இருந்து, பயன்படுத்துபவரின் நிரலுக்குள் அவர் கேட்ட தரவு வகைக்கேற்ப விரிந்து கலந்துவிடும். பயனர் நூலகத்தை மட்டும் கழற்றி வேறொன்றை மாட்டுவது எப்படி? எல்ஜிபிஎல் 2.1, தலைப்புக் கோப்பிலிருந்து வரும் மாக்ரோக்களும் உள்ளிடு செயற்கூறுகளும் பத்து வரி அல்லது அதற்குக் குறைவாக இருந்தால் கவலையில்லை என்று ஓர் எல்லையை வகுக்கிறது. ஓர் உரிமம் உட்கார்ந்து வரிகளை எண்ணத் தொடங்கிவிட்டது என்றால், அதன் அளவுகோல் வேறு காலத்துக்குரியது என்றுதான் பொருள். பெரும்பகுதி தலைப்புக் கோப்புகளாலேயே ஆன பூஸ்ட் நூலகத் தொகுப்பு, 2003-இல் தனக்கென்று ஓர் உரிமத்தை எழுதிக்கொண்டது. அதில் கவனிக்க வேண்டிய வாசகம் ஒன்றே: மூலநிரலை நகலெடுத்தால் பதிப்புரிமை அறிவிப்பும் உடன் வர வேண்டும், கம்பைல் செய்த இயந்திர வடிவத்துக்கு அந்தக் கட்டாயம் இல்லை. மிகத் தளர்வான எம்ஐடி உரிமத்தில்கூட இந்தச் சலுகை வெளிப்படையாக எழுதப்படவில்லை.

லிஸ்ப் மொழியில் நிரலும் நூலகமும் ஒரே நினைவகப் படிமத்தில் கலந்து வாழ்வதால், எல்ஜிபிஎல்லை அம்மொழிக்குப் புரியவைக்க, லிஸ்ப் மென்பொருள் விற்கும் ஃபிரான்ஸ் (Franz) என்ற நிறுவனம் ஒரு முன்னுரையைச் சேர்த்து எல்எல்ஜிபிஎல் என்று வெளியிட்டது. ஹாஸ்கெல் மொழியில் இன்னும் நுட்பமான ஒன்று நிகழ்ந்தது. அம்மொழியில் முழு எண்ணுக்கு உச்ச வரம்பு இல்லை. ஜிஹெச்சி கம்பைலர் அந்தப் பெரிய எண்களைக் கணக்கிட ஜிஎம்பி என்ற நூலகத்தை நம்பியிருந்தது. கம்பைலர் பிஎஸ்டி உரிமத்தில் இருந்தாலும் ஜிஎம்பி எல்ஜிபிஎல்லில் இருக்கிறது. ஜிஹெச்சியோ வழக்கமாக எல்லாவற்றையும் ஒரே கோப்பாக லிங்க் செய்கிறது. எனவே இரண்டு எண்களைக் கூட்டும் மூடிய நிரலை வெளியிட்டவரும், மறுலிங்க் நிபந்தனையை நிறைவேற்றும் வழியைத் தேட வேண்டியிருந்தது. ஜிஎம்பியைத் தவிர்த்துக் கட்டும் மாற்று வழிகள் உருவானதற்கு இந்த உரிமச் சிக்கலும் ஒரு காரணம்.

கோ, ரஸ்ட் போன்ற பிற்கால மொழிகள் தனிக் கோப்பாக லிங்க் செய்வதையே இயல்பாக வைத்துக்கொண்டன. ரஸ்டில் பொதுவகைச் செயற்கூறுகளும் சி++ போலவே பயன்படுத்துபவரின் நிரலுக்குள் விரிகின்றன. நூலகங்களுக்கிடையே நிலையான இரும வடிவ உடன்பாடும் கிடையாது. அத்தகைய மொழியில் ‘நூலகத்தை மட்டும் மாற்றி மாட்டு’ என்று கேட்கும் எல்ஜிபிஎல்லை நிறைவேற்றுவது கடினம். ஆகவே அந்த மொழிகளின் நூலகங்களில் எம்ஐடி, பிஎஸ்டி, அப்பாச்சி உரிமங்கள் பரவியிருப்பதைக் கொள்கை மாற்றம் என்று மட்டும் கருத முடியாது. மொழியின் கட்டமைப்பும் அந்தப் பக்கமாகத் தள்ளியிருக்கிறது.

இதே நெருக்கடி சிலருக்கு வருமானமாகவும் அமைந்தது. மைக்ரோசாஃப்டின் சி ஷார்ப் மொழிக்குக் கட்டற்ற செயலாக்கமாகத் தொடங்கிய மோனோ திட்டத்தில் மூன்று அடுக்குக்கு மூன்று உரிமங்கள் இருந்தன: வகுப்பு நூலகங்கள் எம்ஐடியில், இயக்கநேரம் எல்ஜிபிஎல்லில், கம்பைலர் தொடக்கத்தில் ஜிபிஎல்லில். கணினியில் இதனால் யாருக்கும் சிரமமில்லை. ஐஃபோனிலோ, 2014-இல் ஐஓஎஸ் 8 வரும்வரை, செயலியோடு வரும் நூலகங்களை ஒரே கோப்பாகவே லிங்க் செய்ய வேண்டும். எல்ஜிபிஎல்லின் நிபந்தனையை ஏற்க முடியாதவர்கள் மோனோவின் வணிக உரிமத்தை வாங்கினார்கள். 2016-இல், மோனோவை அப்போது நடத்திவந்த ஸாமரின் நிறுவனத்தை மைக்ரோசாஃப்ட் வாங்கி, இயக்கநேரத்தையும் எம்ஐடி உரிமத்துக்கு மாற்றிய பிறகே அந்தத் தேவை மறைந்தது.

ஜாவா வேறு பாதையை எடுத்தது. 2006 நவம்பரில் சன் நிறுவனம் ஜாவாவை ஜிபிஎல் 2-இல் திறக்கப்போவதாக அறிவித்தபோது, வகுப்பு நூலகங்களை வெறும் ஜிபிஎல்லில் விட்டிருந்தால், ஜாவாவில் எழுதப்பட்ட ஒவ்வொரு நிறுவன மென்பொருளும் ஜிபிஎல்லா என்ற கேள்வி மறுநாளே எழுந்திருக்கும். ஜாவாவின் நூலகங்களைக் கட்டற்ற முறையில் தனியாக எழுதிவந்த குனு கிளாஸ்பாத் திட்டம் ஏற்கெனவே வகுத்திருந்த விதிவிலக்கு வாசகத்தை சன் எடுத்துக்கொண்டது: தனித்த தொகுதிகளை இந்நூலகத்தோடு லிங்க் செய்து, விளைந்ததை விரும்பிய உரிமத்தில் வெளியிடலாம். எல்ஜிபிஎல் கேட்கும் மறுலிங்க் நிபந்தனைகூட இதில் இல்லை.

இன்டர்பிரட்டர் வழியே ஓடும் மொழிகளில் நம் நிரல் இன்டர்பிரட்டருக்கு வெறும் தரவு. எனவே இன்டர்பிரட்டரின் உரிமம் நம்மைத் தொடாது என்பதைக் கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளையும் ஒப்புக்கொள்கிறது. ஆனால் அந்த இன்டர்பிரட்டர் வேறொரு நூலகத்துக்கு வாசலாக இருந்தால், நம் நிரல் அந்த நூலகத்தோடு இணைந்ததாகவே கொள்ள வேண்டும் என்பது அவர்களது விளக்கம். பைத்தானில் சன்னல்களும் பொத்தான்களும் வரைய க்யூட்டி நூலகத்தைப் பயன்படுத்துவோர் இதை அறிவார்கள். பைகியூட்டி என்ற இணைப்பு நூலகம் ஜிபிஎல்லிலோ வணிக உரிமத்திலோதான் கிடைக்கிறது. க்யூட்டியை அப்போது தன்வசம் வைத்திருந்த நோக்கியா, 2009-இல் அந்நூலகத்தை எல்ஜிபிஎல்லிலும் வெளியிட்டு, அதே ஆண்டில் பைசைட் என்ற இன்னொரு பைத்தான் இணைப்பை எல்ஜிபிஎல்லில் வெளியிட்டது. இரண்டிலும் எழுதும் நிரல் வரிக்கு வரி ஏறக்குறைய ஒன்றுதான். மேலே இறக்குமதி வரியில் உள்ள பெயர்தான் வேறு. அந்த ஒரு பெயரைப் பொறுத்து நிரலை மூடி விற்கலாமா கூடாதா என்பது மாறுகிறது.

பிஎச்பி மொழிக்கு வந்த தலைவலி இன்னும் பெரியது. மைஎஸ்கியூஎல் தரவுத்தளத்தோடு பேச உதவும் கிளையன்ட் நூலகம் 4.0-ஆம் பதிப்பில் எல்ஜிபிஎல்லிலிருந்து ஜிபிஎல்லுக்கு மாற்றப்பட்டது. பிஎச்பியின் உரிமமோ ஜிபிஎல்லோடு ஒத்துப்போகாதது. ஒன்றில்லாமல் மற்றொன்று இல்லை என்ற அளவுக்கு இணையத்தில் சேர்ந்தே வாழ்ந்த இவ்விரண்டையும் உரிமம் பிரித்தது. 2004-இல் வந்த பிஎச்பி 5, அந்த நூலகத்தைத் தன்னோடு சேர்த்துத் தரவில்லை. மைஎஸ்கியூஎல் தரப்பு அதே ஆண்டில் ஒரு விதிவிலக்கு வழங்கிச் சமாளித்தது. பிஎச்பி 5.3-இல், அதே பணியைச் செய்யும் புதிய நூலகம் பிஎச்பியின் சொந்த உரிமத்தில் எழுதப்பட்டு வந்தது. பின்னாளில் வந்த மோங்கோடிபி தரவுத்தளம், சேவையகத்தை மிகக் கடுமையான ஏஜிபிஎல்லில் வைத்தபோதும், மொழிகளுக்கான இணைப்பு நூலகங்களை அப்பாச்சி உரிமத்தில் வெளியிட்டது. சேவையகம் தனி நிரலாக ஓடுகிறது. இணைப்பு நூலகம்தான் நம் நிரலுக்குள் நுழைகிறது.

ஜாவாஸ்கிரிப்ட் பற்றி ஒரு சிறு குறிப்பு. சேவையகத்தில் ஓடும்வரை அந்த நிரல் யாருக்கும் கொடுக்கப்படுவதில்லை. உலாவியில் ஓடும்போதோ, பக்கத்தைத் திறக்கும் ஒவ்வொருவருக்கும் ஒரு நகல் அனுப்பப்படுகிறது. அந்த நகலைச் சுருக்கும் கருவி குறிப்புரைகளை எல்லாம் நீக்கிவிடும். எம்ஐடி உரிமம் நகலோடு வர வேண்டும் என்று கேட்கும் ஒரே பொருளான அறிவிப்பும் அவற்றோடு போய்விடும். குறிப்புரையின் தொடக்கத்தில் ஓர் ஆச்சரியக்குறியை (!) போட்டால் சுருக்கும் கருவி அதைத் தொடாது என்ற வழக்கம் இதனால்தான் நிலைத்தது.

இதுவரை சொன்னதெல்லாம் நூலகத்தின் வரிகள் நம் கோப்பில் இருப்பதைப் பற்றியது. வரிகள் எதுவும் இல்லாமல், பெயர்கள் மட்டும் இருந்தால்? சன் நிறுவனத்தை வாங்கி ஜாவாவுக்கு உரிமையாளரான ஆரக்கிளுக்கும் கூகுளுக்கும் நடந்த வழக்கு இதைத்தான் கேட்டது. இரண்டு எண்களில் பெரியதைத் தரும் ‘மேக்ஸ்’ என்ற செயற்கூறை எடுத்துக்கொள்வோம். அது ‘மேத்’ என்ற வகுப்பில், ‘ஜாவா.லேங்’ என்ற தொகுப்பில் இருக்கிறது. இரண்டு முழு எண்களை வாங்கி ஒரு முழு எண்ணைத் தருகிறது. இவ்வளவையும் சொல்லும் முதல் வரி அறிவிப்பு வரி. பெரியது எது என்று ஒப்பிட்டுப் பார்க்கும் அடுத்த சில வரிகள் செயலாக்க வரிகள். கூகுள் ஆண்ட்ராய்டுக்காகச் செயலாக்க வரிகளைத் தனியாக உருவாக்கிக்கொண்டு, அறிவிப்பு வரிகளை மட்டும் 37 தொகுப்புகளிலிருந்து அப்படியே எடுத்தது. மொத்தம் ஏறக்குறைய 11,500 வரிகள். ஜாவா தெரிந்தவர்கள் புதிதாக எதையும் மனப்பாடம் செய்யாமல் ஆண்ட்ராய்டுக்கு எழுத வேண்டும் என்பதே நோக்கம். மொழியைப் பயன்படுத்த உரிமம் தேவையில்லை என்பதில் இரு தரப்புக்கும் சண்டையில்லை. மொழி எங்கே முடிந்து நூலகம் எங்கே தொடங்குகிறது என்பதுதான் சண்டை.

2010-இல் தொடங்கிய வழக்கு பத்தாண்டுக்கு மேல் நடந்தது. 2012-இல் நீதிபதி அல்சப் இந்த அறிவிப்புகளுக்குப் பதிப்புரிமை இல்லை என்றார்; 2014-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் உண்டு என்றது; 2016-இல் நடுவர் குழு இது நியாயமான பயன்பாடு (உரிமையாளரின் அனுமதி இல்லாமலும் சட்டம் ஏற்கும் பயன்பாடு) என்றது; 2018-இல் மேல்முறையீட்டில் அதுவும் கவிழ்ந்தது. 2021 ஏப்ரல் 5-ஆம் தேதி அமெரிக்க உச்ச நீதிமன்றம், நீதிபதி பிரெயர் எழுதிய தீர்ப்பில், ஆறுக்கு இரண்டு என்ற கணக்கில் கூகுளின் செயல் நியாயமான பயன்பாடே என்று முடித்தது. ஜாவாவின் 28.6 லட்சம் வரிகளில் எடுக்கப்பட்டது 0.4 விழுக்காடு என்பதும் கணக்கில் வந்தது. ஆனால், அறிவிப்பு வரிகளுக்குப் பதிப்புரிமை உண்டா என்ற மூலக் கேள்விக்கு நீதிமன்றம் விடை சொல்லவில்லை. வாதத்துக்காக உண்டு என்றே வைத்துக்கொண்டு மேலே சென்றது. தீர்ப்பு வருவதற்குப் பல ஆண்டுகள் முன்பே, ஆண்ட்ராய்டு 7-இலிருந்து, கூகுள், சன் திறந்துவிட்ட ஜாவாவான ஓப்பன் ஜேடிகேயின் நூலகங்களுக்கு மாறிவிட்டது. அதே பெயர்கள்தான், இம்முறை கிளாஸ்பாத் விதிவிலக்கோடு கூடிய ஜிபிஎல் உரிமத்தின் கீழ்.

ஒவ்வொரு மொழியைச் சுற்றியும் ஓர் உரிம வழக்கம் படிந்துவிடுகிறது. பெர்ல் நூலகங்களின் இறுதியில் ‘பெர்லுக்குரிய அதே நிபந்தனைகள்’ என்று ஒரு வரி எழுதுவது மரபு. பெர்லுக்கு ஆர்ட்டிஸ்டிக் உரிமம், ஜிபிஎல் என்று இரண்டும் உண்டு என்பதால் நூலகத்துக்கும் இரண்டும் வந்துவிடும். ரஸ்ட் நூலகங்கள் பலவற்றில் எம்ஐடி, அப்பாச்சி 2.0 என்று இரண்டு உரிமங்கள் இருப்பது கண்ணுக்கு மிகையாகத் தெரியலாம். அப்பாச்சி, காப்புரிமை (பேட்டண்ட்) வழக்குகளுக்கு எதிரான பாதுகாப்பைத் தருகிறது, ஆனால் ஜிபிஎல் 2-ஓடு பொருந்தாது. அந்த இடைவெளியை எம்ஐடி நிரப்புகிறது. இத்தகைய பொருத்தம் ஒரே ஒரு வாசகத்தால் கெட்டதும் உண்டு. பைத்தான் 1.6-இன் உரிமத்தில் வர்ஜீனியா மாநிலச் சட்டம் பொருந்தும் என்று எழுதியிருந்ததால், அது ஜிபிஎல்லோடு ஒத்துப்போகாதது ஆயிற்று. 2001-இல் வந்த திருத்தப் பதிப்புகளில்தான் இது சரிசெய்யப்பட்டது. நிரல்கள் தமக்குள் தரவைப் பரிமாறிக்கொள்ளும் எழுத்து வடிவமான ஜேசானின் கதை இன்னும் விசித்திரம். அந்த வடிவத்தை யாரும் பயன்படுத்தலாம்; ஆனால் அதை ஜாவாவில் படிக்க டக்ளஸ் கிராக்ஃபோர்ட் வெளியிட்ட நூலகத்தின் உரிமத்தில், மென்பொருளை நன்மைக்கே பயன்படுத்த வேண்டும், தீமைக்கு அல்ல என்ற வரி இருந்தது. விளையாட்டாக எழுதியது போலத் தோன்றினாலும், பயன்பாட்டுக்கு விதிக்கப்பட்ட நிபந்தனை என்பதால் அப்பாச்சி அறக்கட்டளை 2016-இல் அந்த நூலகத்தைத் தன் திட்டங்களில் சேர்க்கக் கூடாதவற்றின் பட்டியலில் வைத்தது.

உரிமம் பல அடுக்குகளைத் தாண்டி மேலே வருவதைக் காண 2021 மார்ச் மாதம் ரூபி மொழி உலகில் நடந்ததைப் பார்க்கலாம். ரெயில்ஸ் எம்ஐடி உரிமத்தில் உள்ள இணையச் சட்டகம். பயனர் பதிவேற்றும் கோப்பு படமா, ஆவணமா என்று கண்டறிய அது மார்செல் என்ற நூலகத்தை நம்பியிருந்தது. மார்செல் மைம்மேஜிக் என்ற இன்னொன்றை நம்பியிருந்தது. மைம்மேஜிக்கும் எம்ஐடிதான். ஆனால் எந்தக் கோப்பு எந்த பைட்டுகளில் தொடங்கும் என்ற அட்டவணையை அது ஷேர்டு மைம் இன்ஃபோ என்ற திட்டத்தின் எக்ஸ்எம்எல் கோப்பிலிருந்து எடுத்திருந்தது. அந்தக் கோப்பு ஜிபிஎல்லில் இருந்தது. இதை அத்திட்டத்தினர் சுட்டிக்காட்டியதும், மைம்மேஜிக்கின் ஆசிரியர் 0.3.6 பதிப்பை ஜிபிஎல்லில் வெளியிட்டு, பழைய எம்ஐடி பதிப்புகளைக் களஞ்சியத்திலிருந்து விலக்கினார். சட்டப்படி அவர் செய்ததில் குறை காண்பதற்கில்லை. ஆனால் பழைய பதிப்பு எண்ணைக் குறித்து வைத்திருந்த ரெயில்ஸ் செயலிகளை அன்றே புதிதாக நிறுவ முயன்றவர்களுக்கு அந்தப் பதிப்பு கிடைக்கவில்லை, நிறுவலே நின்றது. பலருக்கு மைம்மேஜிக் என்ற ஒன்று தங்கள் செயலிக்குள் இருந்ததே அப்போதுதான் தெரிந்தது.

சில நாட்களில் ரெயில்ஸ் 6.1.3.1 வெளியானது. மார்செல் மைம்மேஜிக்கை விட்டுவிட்டு, அப்பாச்சி உரிமத்தில் உள்ள டீக்கா திட்டத்தின் அட்டவணையிலிருந்து தன் தரவை எடுத்துக்கொண்டது. மைம்மேஜிக்கும் பிந்தைய பதிப்புகளில் எம்ஐடிக்கே திரும்பியது. அந்த எக்ஸ்எம்எல் கோப்பை இப்போது அது தன்னோடு கொண்டுவருவதில்லை. நிறுவப்படும் கணினியில் அந்தக் கோப்பு ஏற்கெனவே இருக்கிறதா என்று தேடி, இருந்தால் அங்கேயே படித்துக்கொள்கிறது.